இம்ப்ளாண்டின் நீளமும் எலும்பும் ஈறும்: பினாங்கில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். இழந்த பல்லுக்குப் பதிலாக இம்ப்ளாண்ட் வைக்கலாம் என்றதும் வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, "டாக்டர், எத்தனை மில்லிமீட்டர் போடுவீர்கள்?" அண்ணனுக்கு 13 போட்டார்களாம், எனக்கு மட்டும் ஏன் 8 என்ற மனக்குறையும் அந்தக் கேள்விக்குள் இருக்கும். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒருவருக்கு இதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட முடிவதில்லை. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நீளம் என்று சொல்வது எதன் நீளத்தை?

எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் திருகின் நீளத்தை. அதன் மேல் ஈறைக் கடந்து வரும் ஓர் இணைப்புத் துண்டும், அதற்கும் மேலே வெளியே தெரியும் பல்லும் தனித்தனிப் பாகங்கள். திருகுகள் பெரும்பாலும் 6 முதல் 14 மி.மீ. வரை கிடைக்கின்றன. 10 மி.மீ.க்குக் குறையாதவற்றை வழக்கமான நீளம் என்கிறோம். 8 மி.மீ.யும் அதற்குக் கீழும் குட்டை. சில நிபுணர்கள் 6 மி.மீ.க்கு மேற்படாதவற்றை மட்டுமே குட்டை என்பார்கள். ஒரு டாக்டர் 'குட்டை' என்று சொன்னதை இன்னொருவர் 'சாதாரணம்' என்றால் குழம்ப வேண்டாம். எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நீளமாகப் போட்டால்தானே எலும்பு கெட்டியாகப் பிடிக்கும்?

கல்யாண வீட்டில் பந்தக்கால் நட்டதைப் பார்த்திருப்பீர்கள். நட்ட மூங்கிலைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் முதலில் நெகிழ்வது குழியின் வாயருகே உள்ள மண். ஆழத்தில் உள்ள மண்ணுக்கு அந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது.

தாடையிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. மெல்லும்போது எழும் விசை, குறிப்பாகப் பக்கவாட்டு விசை, திருகின் கழுத்தை ஒட்டிய முதல் சில புரிகளில் குவிகிறது. கணினி மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீளத்தைக் கூட்டினால் கழுத்தருகே அழுத்தம் கொஞ்சம்தான் குறைகிறது. விட்டத்தைக் கூட்டினால் நன்றாகவே குறைகிறது.

நீளத்துக்கு இவ்வளவு பெயர் வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டைட்டானியத்தோடு எலும்பு ஒன்றிவிடும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயலின் எலும்பில் கண்டார். 1965-இல் முதல் நோயாளிக்குத் திருகுகளைப் பொருத்தினார். அந்தக் காலத்துத் திருகுகளின் மேற்பரப்பு கடைசல் இயந்திரத்தில் இழைத்த வழவழப்பானது. அந்த வகையில் குட்டையானவை அதிகம் தோற்றன. அதனால் எலும்பு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு நீளம் போடு என்பது விதியாயிற்று. பின்னர் மணல் வீசியும் அமிலத்தில் தோய்த்தும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். எலும்பு பற்றுவதற்கான பரப்பு கூடியது. குட்டைத் திருகுகளின் நிலைமையும் மாறியது. பழைய விதி மட்டும் மக்கள் வாயில் நின்றுவிட்டது, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிலர் வாயிலும்தான்.

அப்படியானால் நீளத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

திருகைச் சுற்றியுள்ள எலும்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை நீளம் தீர்மானிப்பதில்லை. கரைந்த பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது. 12 மி.மீ. திருகைச் சுற்றி 3 மி.மீ. எலும்பு போனால் 9 மிச்சம். 6 மி.மீ. திருகைச் சுற்றி அதே 3 மி.மீ. போனால் பாதி போய்விட்டது. நோய் ஒன்றுதான், இழப்பும் ஒன்றுதான். தாங்கும் காலம் வேறு. நீளம் என்பது ஒரு சேமிப்பு. அது காய்ச்சலைத் தடுக்காது, காய்ச்சல் வந்தால் சில மாதம் சமாளிக்க உதவும்.

ஆகவே குட்டைத் திருகு வைத்திருப்பவர் பராமரிப்பில் அலட்சியம் காட்ட இடமே இல்லை. நீளமான திருகு வைத்திருப்பவருக்கு வேறோர் ஆபத்து உண்டு. அவருடைய பல் ஆடாது, வலிக்காது. எலும்பு பாதி கரைந்த பிறகும் கெட்டியாகவே நிற்கும். "ஒன்றும் தெரியவில்லையே டாக்டர்" என்று பிறை ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா சொன்னார். வேறோர் இடத்தில் போட்ட 13 மி.மீ. திருகு. எக்ஸ்ரேயில் ஏழெட்டு ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் இறங்கிய எலும்பு தெரிந்தது. ஈறைத் தொட்டதும் சீழ் வந்தது. அவருக்குக் காரணம் நீளமோ குட்டையோ இல்லை. பல்லை ஒட்டிய சிமெண்டில் ஒரு துணுக்கு ஈறுக்கு அடியில் தங்கி, அதன் மேல் கிருமிப் படலம் ஏறியிருந்தது.

இன்னோரிடத்திலும் நீளம் உதவும். மேல்தாடையின் பின்பகுதி எலும்பு பஞ்சுபோல் மென்மையாக இருக்கும். அங்கே திருகு முதல் நாளிலேயே ஆடாமல் நிற்க, கொஞ்சம் கூடுதல் நீளம் கைகொடுக்கும். அன்றைக்கே பல்லையும் பொருத்துவதாக இருந்தால் இது முக்கியம்.

எலும்பு கொஞ்சம் இறங்குவது சாதாரணம் என்கிறார்களே, எவ்வளவு?

முதல் ஆண்டில் ஒரு மி.மீ. அல்லது சற்றுக் கூடுதலாக இறங்குவதை நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அதன் பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது 1986-இல் வகுத்த அளவுகோல். இப்போதைய திருகுகளில் பலவற்றுக்கு அவ்வளவுகூட இறங்குவதில்லை. பல் பொருத்திய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். அந்தப் படத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஈறுக்கும் நீளத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஈறு திருகின் கழுத்தை மட்டுமே அறியும்; அடியில் 6 இருக்கிறதா 13 இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. ஈற்றின் நார்கள் வேருக்குள் குறுக்காகச் சென்று ஊன்றியிருக்கும். இம்ப்ளாண்டில் அந்தச் சவ்வு கிடையாது. நார்கள் திருகுக்கு இணையாகவும் அதைச் சுற்றி வளையம்போலவும் ஓடுமே தவிர உள்ளே ஊன்றுவதில்லை. இரத்த ஓட்டமும் குறைவு. எனவே ஈறு திருகை அணைத்து நிற்பது சட்டைக் கழுத்து மாதிரி. தைத்த மாதிரி இல்லை. கிருமி நுழைந்தால் கீழே இறங்க வழி எளிது.

இந்த அணைப்புக்கு எலும்பின் மேல் 3 முதல் 4 மி.மீ. உயரம் தேவை. ஈறு அதைவிட மெல்லியதாக இருந்தால், எலும்பு கீழே இறங்கி அந்த இடத்தை ஏற்படுத்திக் கொடுக்கும். ஈறு 2 மி.மீ.க்கும் குறைவான தடிமன் உள்ளவர்களுக்கு முதல் ஆண்டிலேயே எலும்பு கூடுதலாக இறங்குவது இதனால்தான். திருகு வைப்பதற்கு முன்போ வைக்கும்போதோ ஈற்றைத் தடிப்பாக்க வழி இருக்கிறது. திருகைச் சுற்றி அசையாத கெட்டி ஈறு 2 மி.மீ.யாவது இருந்தால் பல் துலக்கும்போது வலிக்காது. வலிக்காவிட்டால்தான் ஒருவர் ஒழுங்காகத் துலக்குவார்.

நீளத்தைப் பற்றி மட்டும் கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் திருப்பிக் கேட்கச் சொல்கிறேன்: "என் ஈறு எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, டாக்டர்?"

அம்மாவுக்கு மேல் கடைவாயில் எலும்பு 6 மி.மீ.தான் இருக்கிறதாம். சைனஸைத் தூக்கி எலும்பு வைப்பதா, குட்டைத் திருகு போடுவதா?

மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல் போன பிறகு அந்த அறை கீழ்நோக்கி விரியும். கீழிருந்து எலும்பும் தேயும். பத்தாண்டு பல்லில்லாமல் இருந்துவிட்டு வந்தால் 6 மி.மீ. மிஞ்சியிருப்பதே நல்ல காலம்.

அறையின் தரைச் சவ்வை மெல்லத் தூக்கி அடியில் எலும்புத் தூள் நிரப்புவது ஒரு வழி. பக்கவாட்டில் சன்னல் வெட்டிச் செய்தால் எலும்பு முதிர 6 முதல் 9 மாதங்கள் காத்திருக்க நேரிடும். சவ்வு கிழிவதுதான் அதில் அடிக்கடி நேரும் சிக்கல். வீக்கம், செலவு, இன்னொரு அறுவை, எல்லாம் சேரும். இருக்கும் எலும்பிலேயே 6 மி.மீ. திருகைப் போடுவது இரண்டாவது வழி.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஐந்தாண்டு வரை திருகுகள் நிலைத்திருக்கும் விகிதம் இரண்டிலும் பெரிதாக வேறுபடவில்லை. கழுத்தைச் சுற்றிய எலும்பு இழப்பு குட்டைத் திருகில் அதிகமாக இல்லை. சிக்கல்கள் குட்டைத் திருகில் குறைவு. ஆனால் மிகக் குட்டையானவற்றின் வெற்றி, ஆய்வுக்கு ஆய்வு கூடுதலாக ஏறி இறங்குகிறது. செய்பவரின் கைத்திறனும் நோயாளியின் பழக்கமும் அதில் அதிகம் வெளிப்படும்.

என் கருத்தைக் கேட்டால்: எழுபது வயது, மாத்திரைகள் பல, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, தினமும் பல்லிடுக்கைச் சுத்தம் செய்வார் என்றால் குட்டைத் திருகையே சொல்வேன். முடிந்தால் இரண்டு திருகுகளை வைத்து அவற்றின் மேல் வரும் பற்களை ஒன்றாக இணைப்பேன். நாற்பது வயதுக்காரர், எலும்பு 3 மி.மீ.தான், இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு என்றால் எலும்பு வைத்தே ஆக வேண்டும்.

அந்த எலும்புத் தூள் எதிலிருந்து எடுக்கப்படுகிறது?

இதைக் கேட்கத் தயங்காதீர்கள். நிறையப் பேர் தயங்குகிறார்கள், பிறகு தெரிந்து மனம் வருந்துகிறார்கள். உலகெங்கும் அதிகம் பயன்படும் எலும்புத் தூள்களில் சில மாட்டு எலும்பிலிருந்து செய்யப்பட்டவை. அதை மூடும் கொலாஜன் சவ்வுகளில் சில பன்றியிலிருந்து வருபவை. பினாங்கில் என் நாற்காலியில் உட்காரும் தமிழர்களில் இந்துக்களும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள்; ஒருவருக்கு ஒன்று நெருடும், மற்றவருக்கு மற்றொன்று. செயற்கையாகத் தயாரித்த கால்சியம் பாஸ்பேட் தூள், தானமாகப் பெற்ற மனித எலும்பு, உங்கள் தாடையிலிருந்தே எடுக்கும் எலும்பு என்று மாற்றுகள் உண்டு. எலும்பு வைக்கும் தேவையையே தவிர்ப்பதும் குட்டைத் திருகின் ஒரு நன்மை. சம்மதத் தாளில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். நல்ல மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார்.

கீழ்த்தாடையிலும் இந்தப் பிரச்சினை உண்டா?

கீழே சைனஸ் இல்லை, நரம்பு இருக்கிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு கடைவாய்ப் பற்களின் அடியில் எலும்புக்குள் ஓடுகிறது. திருகின் நுனிக்கும் நரம்பின் குழாய்க்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுகிறோம். எக்ஸ்ரேயில் நரம்புக்கு மேல் 10 மி.மீ. இருந்தால் 8 மி.மீ. திருகுதான் எல்லை, கூடுதல் நீளத்துக்கு ஆசைப்பட்டால் உதடு மரத்துப் போகலாம், சிலருக்கு அது நிரந்தரமாகவும் ஆகலாம். எலும்பு குறைவாக உள்ள இடத்தில் முப்பரிமாண ஸ்கேன் இல்லாமல் இறங்கும் மருத்துவரிடம் நான் என் வீட்டாரை அனுப்ப மாட்டேன்.

வேர் குட்டை, மேலே பல் உயரம். எலும்பு தாங்குமா?

எலும்பு தாங்குகிறது. பல்லின் உயரம் திருகின் நீளத்தைவிடக் கூடுதலாக இருந்தால் எலும்பு அதிகம் கரையும் என்று முன்பு பயந்தோம். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. தொல்லை வருவது இயந்திரப் பக்கம்: பல்லை இம்ப்ளாண்டோடு பிணைக்க உள்ளிருக்கும் சிறு திருகு தளரலாம், பீங்கான் பெயரலாம். பல் ஆடுவதுபோல் தோன்றினால் மறுநாளே வாருங்கள். தளர்ந்த இடைவெளியில் கிருமி சேர்வது ஈற்றுக்கு நல்லதில்லை.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

நம் மக்களிடம் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டுக்குள் இருக்கும் நீரிழிவு இம்ப்ளாண்டுக்குத் தடையில்லை. கட்டுக்குள் இல்லாத நீரிழிவில் எலும்பு ஒன்றுவது தாமதமாகும், ஈறு அழற்சி எளிதில் மூளும், எலும்பு கரைவதும் கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முடிவைக் கையோடு கொண்டு வாருங்கள். அன்று காலையில் விரலில் குத்திப் பார்த்த எண் போதாது. முந்தின இரவு சாப்பிடாமல் இருந்து அதை அழகாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் ஏமாற்றுவது அவர்கள் எலும்பைத்தான்.

சிகரெட்? வெற்றிலை பாக்கு?

புகைப்பவர்களிடம் திருகு தோற்பதும் எலும்பு கரைவதும் கூடுதல். குட்டைத் திருகென்றால் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன், ஏனென்றால் இழக்க அங்கே சேமிப்பு இல்லை. வெற்றிலையில் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பது நிறுவப்பட்டது. அதை விடுவது இம்ப்ளாண்டைவிடப் பெரிய காரியம்.

'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்கிறார்களே, குச்சியால் துலக்கலாமா?

அந்தச் சொல்லை என் பாட்டியும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இயற்கைப் பல்லுக்கு அதில் பொருள் உண்டு. இம்ப்ளாண்டுக்குக் குச்சி எட்டாது. அழுக்கு தங்குவது பல்லும் ஈறும் சேரும் ஓரத்திலும், இரண்டு பற்களின் இடுக்கிலும்தான். உமிக்கரி, உப்பு, கரித்தூள் போன்ற சொரசொரப்பானவை மேற்பரப்பைக் கீறிவிடும். கீறலில் கிருமி தங்கும். மென்மையான பிரஷ், இடுக்குக்கான சிறு பிரஷ், முடிந்தால் தடித்த நூல். நைலான் பூசிய கம்பியுள்ள இடுக்குப் பிரஷ்ஷையே வாங்குங்கள். அளவை மருத்துவரிடம் பார்த்து வாங்குங்கள், மருந்துக்கடையில் ஊகித்து வாங்காதீர்கள்.

துலக்கும்போது கொஞ்சம் இரத்தம் வருகிறது, வலி இல்லை. பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். ஈறு மட்டும் வீங்கி இரத்தம் வரும் கட்டத்தில் சுத்தம் செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் நிறுத்தத்தான் முயல முடியும்; இழந்ததை முழுதாகத் திருப்பித் தருவது அரிது. 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இம்ப்ளாண்ட் வைத்திருப்பவர்களில் சராசரியாக 43 விழுக்காட்டினருக்கு முதல் கட்டமும் 22 விழுக்காட்டினருக்கு இரண்டாம் கட்டமும் இருப்பதாக மதிப்பிட்டது. வலி வரும்வரை காத்திருப்பவர்கள் இரண்டாம் கட்டத்தில்தான் என்னிடம் வந்து சேர்கிறார்கள்.

கெட்டுப்போனால் எடுப்பது எது எளிது?

குட்டையானது. நன்றாக ஒன்றிய நீளமான திருகை எடுக்கும்போது கூடவே எலும்பும் போகலாம்.

சென்னைக்குப் போகும்போது இரண்டு வாரத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா?

அங்கே திறமையான மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். என் தயக்கம் அவர்களைப் பற்றியது இல்லை. எலும்பு ஒன்றுவதற்குப் பொதுவாக 2 முதல் 4 மாதங்கள் ஆகும், எலும்பு வைத்திருந்தால் இன்னும் கூடும். அந்த நாட்களிலும் அதற்குப் பிறகான ஆண்டுகளிலும் ஈற்றை அளந்து பார்க்க ஒருவர் பக்கத்தில் வேண்டும். ஏதோ ஒரு நிறுவனத்தின் திருகோடு, எந்தத் தாளும் இல்லாமல் ஒருவர் வந்தால், தளர்ந்த ஒரு சிறு திருகை இறுக்கக்கூட எந்தச் சாவி என்று தெரியாமல் தவிக்கிறோம்.

எங்கே செய்தாலும் திருகின் நிறுவனப் பெயர், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தோடு அது வரும், உங்களுக்குத் தருவதில் யாருக்கும் நட்டமில்லை. இங்கே செய்வதானால் மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பவருக்கு 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி 3,00,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அந்தத் தண்டனை உங்கள் தாடை எலும்பைத் திருப்பித் தராது. ஆகவே சீட்டையும் முதல் நாள் எக்ஸ்ரேயையும் ஒரே உறையில் போட்டு, பாஸ்போர்ட் வைக்கும் அலமாரியிலேயே வையுங்கள். அடுத்த முறை பல் பார்க்க வரும்போது எடுத்து வாருங்கள்.